தணிகாசலம் வீட்டுப் பந்தலில் ஓர் ஆமை

மாப்பிள்ளையின் ஜாதகத்தோடு அவர் எச்சிலையும் வாங்கி மரபணுச் சோதனை செய்து, ஏழு தலைமுறைக்குக் கலப்பே இல்லை என்று தெரிந்த பிறகுதான் தணிகாசலம் தாம்பூலம் மாற்றினார். இதைக் கேட்காதவர்களிடமும் அவரே சொல்லுவார். மகள் இலக்கியா பின்தெரு ஜெரால்டை விரும்பியதைத்தான் சொல்லமாட்டார். அது ஊருக்கே தெரியும்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, கடற்கரையில் போட்ட பந்தலுக்குள் பங்குனி ஆமை இனத்துக் கடலாமை ஒன்று ஏறிவந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விட்டது.

கடலில் ஆமைகள் இனம் பார்க்காமல் ஜோடி சேர்ந்து, சுத்தமான ஆமையே அரிதாகிவிட்ட காலம் அது. கலப்பு முட்டையென்றால் அள்ளிக்கொண்டுபோய் வேறிடத்தில் புதைத்துவிடலாம். சுத்த இனமென்றால் குஞ்சு பொரிக்கும்வரை அந்தக் கரையில் பந்தல், மேளம், சீரியல் பல்பு எதுவும் கூடாது என்பது சட்டம்.

கலப்பாக இருக்கவேண்டுமென்று தணிகாசலம் காலையிலேயே கற்பூரம் ஏற்றி வேண்டிக்கொண்டார். வனத்துறையின் ஆமை அதிகாரியம்மா வந்து முட்டைமேல் இனம் காட்டும் கருவியை வைத்தார்.

"அப்பழுக்கில்லாத பங்குனி ஆமை சார். கொடுத்து வச்சவர் நீங்க."

தணிகாசலத்துக்கு வியர்த்துவிட்டது. "நல்லாப் பாருங்கம்மா. பாட்டன் பூட்டன் வழியில எங்கியாவது கலந்திருக்கும். இந்தக் காலத்துல யாரும்மா சுத்தம்? கலந்தாத்தான் என்ன கொறஞ்சுபோச்சு?"

பந்தல்காலில் சாய்ந்திருந்த இலக்கியா போனைக் காதில் வைத்தாள்.

"ஜெரால்டு, உடனே கடற்கரைக்கு வா. அப்பா என்னமோ சொல்றாரு. மனசு மாறுறதுக்குள்ள நீயும் ஒருதரம் கேட்டுக்க."