நடுக்கோடு

எலக்ட்ரானிக்ஸ் மாலை வகுப்பில் எனக்கும் ஜெசிந்தாவுக்கும் ஒரே மேசை, ஒரே கம்ப்யூட்டர். அதிலிருந்து போகும் ஒரே வயரில், ஏழு விளக்குக் கோடுகளால் ஓர் எண்ணைக் காட்டும் எங்கள் இரண்டு டிஸ்ப்ளேக்களும் இருந்தன. அவளுடையது மூன்றாம் நம்பர், என்னுடையது நான்கு. எந்த டிஸ்ப்ளேயின் நம்பரைச் சொல்லி எண்ணை அனுப்புகிறோமோ அது மட்டும் எரியும். எட்டு அனுப்பினால் ஏழு கோடுகளும் எரிய வேண்டும். அவளுடையதில் நடுக்கோடு போய்விட்டதால் எட்டு பூஜ்யமாகத் தெரியும். “என் எட்டுக்கு வயிறு காலிடி” என்பாள்.

போன வாரம் காய்ச்சலில் அவள் இறந்துபோனாள். இன்று வரதன் சார் அவளுடைய டிஸ்ப்ளேயைக் கழற்றிக்கொண்டு, “புரோகிராம்லயும் மூணாம் நம்பருக்கு அனுப்பற வரியை எடுத்துடும்மா. நாளைக்குப் பரீட்சை, வேண்டாதது இருந்தா மார்க் போயிடும்” என்றார். எடுத்தேன். எட்டு அனுப்பினேன். என் டிஸ்ப்ளேயில் பூஜ்யம் வந்தது. என் தப்பாகத்தான் இருக்கும் என்று வயரைப் பார்த்தேன், ஈயம் பற்றவைத்த இடங்களைப் பார்த்தேன், அனுப்பியது எட்டுதானா என்று மறுபடியும் பார்த்தேன். புது டிஸ்ப்ளே மாட்டினேன். அதிலும் பூஜ்யம். வேறு ஒன்றும் தோன்றாமல், அழித்த வரியைத் திரும்ப அடித்தேன். நடுக்கோடு மெல்ல எரிந்து எட்டு முழுசானது. அழிக்க மனம் வரவில்லை.

சார் பின்னால் வந்து நின்றார். “அட, எட்டு வந்துடுச்சே! அந்தப் பொண்ணோட வரியை எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன் சார்” என்றேன்.

நடுக்கோடு அணைந்தது.