கடை இட்லி

"மாவுல இன்னாதான் போட்றீங்க? உண்மையச் சொல்லுங்கண்ணா!"

சதுரங்கப்பட்டினத்தில் திருவேங்கடத்தின் டிபன் கடை. காலைக் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து நின்ற காயத்ரியைப் பார்த்து, எண்ணெயிலிருந்து பூரியை அள்ளிக்கொண்டிருந்த அவர் திருதிருவென்று முழித்தார்.

"நீ யாரும்மா?"

"டெய்லி பார்சல் வாங்கிக்கினு போறாரே ரஞ்சித்குமாரு, அவரு சம்சாரம். ஹேமந்தோட அம்மா."

ஹேமந்துக்கு ஆறு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. சிப்ஸைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கமாட்டான். எடை இறங்கிக்கொண்டே போக, "இப்படியே போனா மூக்குல குழாய் போட்டுத்தான் சாப்பாடு குடுக்கணும்" என்று செங்கல்பட்டு டாக்டர் சொன்ன அன்று, காயத்ரி பஸ்ஸில் வழி முழுக்க அழுதுகொண்டே வந்தாள்.

அப்புறம்தான் அந்த அதிசயம் நடந்தது. தினமும் அவள் அவித்த இட்லியைத் தன் சாப்பாட்டுக்கென்று டப்பாவில் எடுத்துக்கொண்டு கிளம்பும் ரஞ்சித்குமார், இந்தக் கடைக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கிவந்து பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவான். ஹேமந்த் நூலை நிதானமாகப் பிரிப்பான், இலையை விரிப்பான், துணுக்கு விடாமல் இட்லியைத் தின்று தீர்ப்பான். அம்மா தட்டில் வைக்கும் இட்லியை மட்டும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

நேற்று எடை பார்த்தார்கள். இரண்டு கிலோ ஏறியிருந்தது. காயத்ரிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கூடவே இந்தக் கடைக்காரர் மேல் வயிற்றெரிச்சலும்தான்.

"என் கையால அவன் ஒரு வாய் துன்னணும்ணா. அந்தப் பக்குவத்த எனக்கும் சொல்லிக் குடுங்க." கேட்கும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது.

திருவேங்கடம் ஜல்லிக் கரண்டியைக் கீழே வைத்தார். அக்கம்பக்கம் பார்த்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஒங்கிட்ட மூச்சு வுடக் கூடாதுன்னு சொல்லிக்கீறான் ரஞ்சித்து. தெரிஞ்சா சந்தோஷத்துல உன் மூஞ்சே காட்டிக் குடுத்துடுமாம், புள்ள உஷாராயிடுவானாம்."

"இன்னா தெரிஞ்சா?"

"எங்க கடையில பூரி மட்டுந்தாம்மா. அவன் டப்பாவ நீட்டுவான், நான் இலையில மடிச்சுக் கட்டுவேன். இட்லி உன்னுது, நூலுதான் என்னுது!"