இரண்டு பெட்டிகள்

இதயத்தின் இருபுறத்தையும் ஒன்றாய்த் துடிக்கவைக்கும் கருவியைக் கணவன் மனைவி இருவருக்குமே பொருத்தினார்கள்.

"அம்மாவுக்குக் கண்டிப்பா கை கொடுக்கும். உங்களுக்குக் கொடுக்குமாங்கிறதுதான் சந்தேகம்," என்றார் டாக்டர் கணவரிடம்.

ஆனால் மனைவி போய்ச் சேர்ந்தாள். ஓய்வுபெற்ற தபால்காரரான கணவர் தனிமரமானார். துடிப்பை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பெட்டிகள் கட்டிலருகே இருந்தன. அவளுடையதை எடுத்துவைக்க மனம் வரவில்லை.

அடுத்த பரிசோதனையில், புதிதாய்ச் சேர்ந்த நர்ஸ் திரையைப் பார்த்துச் சிரித்தாள். "ரெண்டு பேரோட பதிவும் தவறாம வருதுங்க ஐயா. அம்மாவுக்கு இப்ப எவ்வளவோ தேவலை."

"அவளைக் கருவியோடதாம்மா புதைச்சோம்."

நர்ஸின் முகம் வெளுத்தது. "இன்னிக்குக் காலையிலகூட வந்திருக்கே..."

வீடு திரும்பியதும், அவள் போனதிலிருந்து கட்டிலின் நடுவில் படுத்தவர், சுவரோரமாய் ஒதுங்கிப் படுத்துக்கொண்டார்.