பெருச்சாளியின் மறுவாசல்

மறுபடியும் மண்.

கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், நேற்று அவள் அடைத்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஈர மண் குவிந்து கிடந்தது. அவள் இடித்துத் திணித்த கண்ணாடிச் சில்லுகள் வேண்டாத சாமான்போல ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன.

இது ஏழாவது தடவை.

"நீ நல்லாவே இருக்க மாட்ட" என்றாள், குழியைப் பார்த்து.

பொறி வைத்தாயிற்று. தேங்காய்ச் சில்லை மட்டும் தின்றுவிட்டுப் போனது. எலிமருந்து வைத்தாயிற்று. அதை முகர்ந்துகூடப் பார்க்காமல் கூடையிலிருந்த உருளைக்கிழங்குக்குப் போனது. போன வாரம் குழி வாயில் மிளகாய் வற்றலைக் கருக்கி, முறத்தால் விசிறிப் புகையை உள்ளே அனுப்பினாள்.

பெருச்சாளி வரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அரைமணி நேரம் இருமல் கேட்டது.

மறுநாள் அந்தப் பக்கத்திலிருந்து பினாயில் தண்ணீர் வந்தது. குழி வழியாக, அவளுடைய அரிசிப் பானையின் அடி வரைக்கும்.

அந்தப் பக்கம் இருப்பது அவள் தங்கை சண்முகவடிவு.

அப்பாவின் வீட்டை இரண்டாகப் பிரித்தபோது எழுந்த சுவர் அது. எட்டு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கல்யாண வீட்டில் ஒருத்தி முதல் பந்தியில் உட்கார்ந்தால் மற்றவள் இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பாள்.

பாகப்பிரிவினை ஆனது பெருச்சாளிக்குத்தான் தெரியவில்லை.

போன மாதம் சமையலறை மூலையில் தரை அமுங்கியது. பிறகு சுவரில் விரல் நுழைகிற விரிசல். நேற்று பேச்சிமுத்து கொத்தனார் வந்து, குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கம்பியை வளைக்குள் விட்டார். கம்பி போய்க்கொண்டே இருந்தது.

"அஸ்திவாரத்துக்கு அடியில குடைஞ்சிருக்கு யக்கா. ஐப்பசி மழைக்கு இந்த மூலை நிக்காது."

"அதான் தெனமும் அடைக்கேனே!"

"ஒரு வாயை அடைச்சு என்னத்துக்கு? வளை ஒண்ணு, வாய் ரெண்டு. நீங்க அடைச்சா அது அங்கிட்டு வழியாப் போயிட்டு வருது. அவிய அடைச்சா இங்கிட்டு வழியா. அது வெளிய போயிருக்க நேரம் பாத்து ரெண்டு வாயையும் ஒண்ணா அடைக்கணும். பெறவுதான் நான் அஸ்திவாரத்துல கைவைக்க முடியும்."

"அப்ப நீயே அங்க போயி ஒரு வார்த்தை சொல்லிரு."

கொத்தனார் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"நடுச்சொவத்தக் கட்டுனதே நான்தான். நானே தூது போனா வெளங்குமா?"

அரை மூட்டை சிமெண்டையும் கொஞ்சம் மணலையும் ஒரு கொத்துக்கரண்டியையும் அந்தக் கம்பியையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அந்தக் கம்பி அவள் கையில் இருந்தது. வந்த ஆத்திரத்தில் குழிக்குள் ஓங்கிக் குத்தினாள்.

என்னவோ அவள் பாதத்தின்மேல் ஏறி ஓடியது. பூனைக்குட்டி அளவு. கொல்லைக் கதவைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, சாக்கடை ஓரமாக நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் உள்ளே இறங்கியது.

வளை காலி.

தான் கத்தியதுகூட அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

மணலைக் கொட்டினாள். சிமெண்டைக் கொட்டினாள். தண்ணீர் விட்டுக் கிளறினாள். தன் பக்கத்து வாயில் சில்லும் கலவையும் மாறி மாறித் திணித்து, மேலே அழுத்தி வழித்தாள்.

சட்டியில் பாதிக் கலவை மிச்சம் இருந்தது.

ஒரு வாய்க்கு இவ்வளவு எதற்குக் கலந்தோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கலவை காத்திருக்காது. பெருச்சாளியும் காத்திருக்காது.

சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அங்கே சுவர் கழுத்தளவுதான். அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம்.

சட்டியைத் தூக்கிச் சுவர்மேல் வைத்தாள். நங்கென்று கேட்டது.

பாத்திரச் சத்தம் நின்றது.

அவள் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்:

"பெருச்சாளி வெளிய போயிருக்கு. அது திரும்புறதுக்குள்ள அங்கிட்டு உள்ள வாயையும் அடைக்கணுமாம். கொத்தனார் சொல்லுதாரு. இல்லன்னா மழைக்கு ரெண்டு வீடும் உக்காந்துரும். கேக்குறவங்க கேக்கட்டும்."

மரம் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் திரும்பவில்லை. கழுத்து வலித்தது.

ஈரக் கையைச் சேலையில் துடைக்கும் சத்தம். காலடி. சட்டி சுவர்மேல் கொஞ்சம் நகர்ந்தது. கலவைக்குள் விரல் விட்டு எடுத்தார்கள் போலிருந்தது.

பிறகு, சுவருக்கு மிக அருகில்:

"தண்ணி கூடிப்போச்சுக்கா."

அவளுக்குச் சுள்ளென்று வந்தது. எட்டு வருடம் கழித்து வாயைத் திறந்து இதுவா? இவள் என்ன பெரிய கொத்தனாரா?

விடுவிடென்று உள்ளே போனாள். மூட்டையிலிருந்து இரண்டு கை சிமெண்டை அள்ளினாள்.

போதாதோ என்று நின்று, இன்னும் ஒரு கை அள்ளினாள்.