வெந்நீரில் ஓர் இடம்

விடுமுறைக்கு எடுத்த வீட்டின் பின்பக்கம் வெந்நீர்த் தொட்டி இருந்தது. வீட்டைக் கவனித்துக்கொள்ளும் அம்மாள் அதன் மூடியைத் திறந்தபடியே சொன்னாள்: "மேலுக்குக் குளிச்சிட்டு இறங்குங்க. சுகமா இருக்கேன்னு ரொம்ப நேரம் உக்காராதீங்க, தலை சுத்தும்."

"நல்லவேளை சொன்னீங்கம்மா, எங்க ரெண்டு பேருக்குமே இது புதுசு," என்றான் கணவன்.

மனைவி கையால் சூடு பார்த்துவிட்டு இறங்கினாள். அவனும் இறங்கி, எதிரே கண்ணை மூடிச் சாய்ந்தான். தண்ணீர் அவள் தோளுக்குக் கீழே நின்றது. சற்று நேரத்தில், இன்னொருவர் இறங்கி உட்கார்ந்ததைப்போல, அது அவள் கழுத்துவரை ஏறி விளிம்பில் வழிந்தது. யாரும் வரவில்லை. ஆனால் அவன் கண்ணைத் திறக்காமலே ஓரமாக நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டான்.

"யாருக்குங்க இடம் விடுறீங்க?"

அவன் கண் விழித்தான். அவளைப் பார்க்கவில்லை. பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்து, "இவ இருக்கறப்ப வராதேன்னு சொன்னேன்ல," என்றான்.

அவ்வளவு இதமான குரலில் அவளிடம் அவன் ஒருநாளும் பேசியதில்லை.

அவள் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியேறினாள். அவள் ஏறி வந்த பிறகும் தொட்டியில் தண்ணீர் கொஞ்சமும் இறங்கவில்லை.