கோர்வைக்கு இரண்டு பேர்

“மொதலாளி, கொல்லைக்குப் போய்ட்டு வந்துடறேன்.”

அங்கம்மாள் மூன்றாவது முறையாக எழுந்தாள். மணி இன்னும் ஒன்பது ஆகவில்லை.

தறிக்கூடத்து முதலாளி கோதண்டபாணிக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஏம்மா, வேலைக்கு வந்தியா, கொல்லையில குடியிருக்க வந்தியா? சக்கரை வியாதி எதுனா வந்துடுச்சா?”

மற்ற தறிகளில் இருந்த ஆண்கள் சத்தமாகவே சிரித்தார்கள்.

உடலையும் கரையையும் கோத்து நெய்யும் கோர்வைப் பட்டுச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலை நெய்ய ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் நாடாவைத் தள்ள ஒருவர். ஒருவர் எழுந்தால் தறி நின்றுவிடும்.

கரைக்கு அங்கம்மாள்; இன்றைக்கு உடலை நெய்ய உட்கார்ந்திருப்பவள் கலாவதி. அவள் புருஷன் பரமசிவம் கை உடைந்து வீட்டில் கிடக்கிறான். அவன் தறியை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போனார் முதலாளி. “நான் நெய்யறேங்க” என்று வந்து நின்றாள் கலாவதி. அந்தக் கூடத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் உடலை நெய்ததில்லை.

“சரி, ஏகாம்பரநாதர் கோயில்ல உச்சிகால மணி அடிக்கறதுக்குள்ள அரை முழம். ஒரு பிசகு இருக்கக் கூடாது” என்றார் அவர்.

தேறாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வாய் உலரும். கலாவதிக்கு எல்லாப் பயமும் அடிவயிற்றில்தான் இறங்கும். புறப்படும் முன் வீட்டிலேயே ஐந்து தடவை போய்விட்டு வந்தாள். தறியில் உட்கார்ந்த கால் மணியில் மறுபடி முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை ஆண்களுக்கு நடுவில் எப்படி வாய் திறப்பது?

நல்லவேளை, அங்கம்மாள் எழுந்தாள். தறிதான் நின்றுவிட்டதே என்று கலாவதியும் பின்னாலேயே ஓடினாள்.

கொல்லைக் கக்கூஸின் தகரக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

“புதுசு நீ, மொதல்ல போ. நான் கதவைப் புடிச்சுக்கறேன்” என்றாள் அங்கம்மாள்.

கலாவதி வெளியே வருவதற்குள் கூடத்திலிருந்து முதலாளியின் குரல் வந்துவிட்டது.

“நீ ஓடு, நான் பின்னாலயே வரேன்” என்றாள் அங்கம்மாள்.

ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். இருந்த பதற்றத்தில் கலாவதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு மேல் அவள் கை ஓடத் தொடங்கியது. கால் தானாக மிதித்தது. வயிறும் அடங்கிவிட்டது. அதற்கப்புறம் அங்கம்மாளும் எழவில்லை.

உச்சிகால மணி அடித்தது. கோதண்டபாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

“சுத்தமா இருக்குதும்மா. நாளையிலருந்து தறி உன்னுது.”

கலாவதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் அங்கம்மாள் பக்கம் திரும்பினார். “உன்னை வெச்சுக்கினு தறி ஓட்ட முடியாது. நீ நாளையிலருந்து நூல் சுத்தப் போ. கரைக்கு வேற ஆளைப் போடறேன்.”

அங்கம்மாள் நாடாவை எடுத்து ஓரமாக வைத்தாள். கலாவதிக்குத்தான் பொறுக்கவில்லை.

“வேணாங்க மொதலாளி. பாவம், ஒடம்பு முடியாதவங்க. அவங்களே இருக்கட்டும். போற நேரத்தை சாயங்காலம் ரெண்டு பேரும் ஒக்காந்து நெய்து ஈடு கட்டிடறோம்.”

காலையில் நடுங்கிக்கொண்டிருந்தவளா இவள்! முதலாளியே ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். “என்னமோ பண்ணுங்க” என்று போய்விட்டார்.

கொல்லைப் பக்கம் வந்ததும், ஒருத்தியைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு கலாவதி சொன்னாள்: “அக்கா, இதை இப்படியே உடக் கூடாது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க. நானும் கூட வரேன்.”

“எனக்கு என்னாம்மா வியாதி? தறிக்குழியில உன் ரெண்டு காலும் பின்னிக்கினு கெடந்துச்சே, பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கற எனக்குத் தெரியாதா?”

கலாவதி அங்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கையை அப்பறம் புடிக்கலாம், மொதல்ல கதவைப் புடி” என்று உள்ளே ஓடினாள் அங்கம்மாள். “காலையிலருந்து ஒரு தடவைகூடப் போகாம அடக்கிக்கினு இருக்கேன்!”