மூக்கை மூட மறுத்தவர்கள்

தொற்று ஓயாத அந்த நகரத்தில், மாற்றுச் சிறுநீரகத்தோடு, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்து வாழும் பொற்கொடி வீட்டை விட்டு இறங்கினாலே குடியிருப்பில் சைரன் அலறும். உடனே எல்லாரும் முகக்கவசம் போட வேண்டும் என்பது சட்டம். அதனாலேயே அவளைக் கண்டால் யாருக்கும் ஆகாது.

அன்று அவள் கணவரின் உடல் கீழே ஃப்ரீசர் பெட்டியில் கிடந்தது. அவள் படியிறங்கினாள். சைரன் அலறியும் ஒருவரும் முகத்தை மூடவில்லை.

"சாவு வீட்லகூட எங்கள மூச்சுவிட விடமாட்டீங்களா? மேலேர்ந்தே பாத்துக்க வேண்டியதுதானே?" என்று எரிந்து விழுந்தார் சங்கச் செயலாளர் துரைக்கண்ணு.

பொற்கொடி பெட்டியின் கண்ணாடி மூடிமேல் கை வைத்து, "மன்னிச்சிருங்க" என்று கணவரிடம் முணுமுணுத்தாள். பிறகு பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நான் நகர மாட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்துல நீங்களாவே மூக்க மூடுவீங்க."